த்ரில்லர் படங்களில் சிறு வேடங்கள்: சில நிமிடங்களே வந்தவர் ஏன் நினைவில் நிற்கிறார்?

1949இல் வெளிவந்த 'தி தேர்ட் மேன்' 104 நிமிடப் படம். அதில் ஆர்சன் வெல்ஸின் முகம் திரையில் தெரிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் அவர் நின்று பேசும் பெரிய காட்சி, வியன்னாவின் ராட்சத ராட்டினத்தில் நடப்பது ஒன்றுதான். மற்ற இடங்களில் பெரும்பாலும் நிழலாகவும் ஓடும் உருவமாகவும் வருகிறார். ஆனால் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது படம் முழுக்க அலைந்து திரியும் ஜோசப் காட்டன் அல்லர், வெல்ஸ்தான். குடும்பக் கதையிலோ காதல் கதையிலோ துணை நடிகர் ஒருவர் சிறப்பாக நடித்தால் 'அவரும் நன்றாகச் செய்திருந்தார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். த்ரில்லரில் மட்டும், வந்த சுவடு தெரியாமல் போக வேண்டியவர் படத்தையே தன்னோடு கொண்டுபோய்விடுவது அடிக்கடி நிகழ்கிறது. நடிகரின் திறமை என்று மட்டும் சொல்லி இதை விளக்கிவிட முடியாது. இந்த வகைப் படத்தின் அமைப்பிலேயே இதற்கான காரணம் இருக்கிறது. அதைச் சொல்லும்போது சில படங்களின் திருப்பங்களும் முடிவுகளும் வெளிப்பட்டுவிடும். அவற்றை இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

த்ரில்லர் பார்ப்பவர் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில்லை. கதாநாயகனுக்குத் தெரியாதது எது, தனக்கே தெரியாமல் மறைக்கப்பட்டிருப்பது எது என்று கணக்குப் போட்டுக்கொண்டே பார்க்கிறார். கதவைத் திறக்கும் வேலைக்காரர், வழி சொல்லும் முதியவர், பில் போடும் காசாளர் என யார் வந்தாலும், 'இவர் கொலையாளியா, அடுத்துச் சாகப்போகிறவரா, துப்பு வைத்திருப்பவரா?' என்ற கேள்வியோடுதான் அவர் முகத்தைப் படிக்கிறார். மற்ற படங்களில் ஒரு சிறு நடிகர் தன் நடிப்பால் சம்பாதிக்க வேண்டிய கவனம், இங்கே அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குக் கிடைத்துவிடுகிறது. அந்தக் கவனத்தை என்ன செய்வது என்பதில்தான் நல்ல நடிகரும் சாதாரண நடிகரும் பிரிகிறார்கள்.

இத்தகைய வேடங்கள் இரண்டு வகை. படமே எதிர்பார்த்துக் காத்திருந்து, மற்றவர்கள் பேசிப் பேசி வளர்த்துவிட்ட பிறகு வந்து சேரும் ஆள் ஒரு வகை. யாரும் எதிர்பார்க்காமல், கதையின் ஓரத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்து, கதை தன் வழியாகக் கடந்து போகும்போது மாட்டிக்கொள்ளும் ஆள் மற்றொரு வகை. முதல் வகைதான் புகழ் பெறுகிறது. இரண்டாவதே கடினமானது என்பது என் எண்ணம்.

முதல் வகைக்கு 'தி தேர்ட் மேன்' இலக்கணம். படம், வெல்ஸ் நடித்த ஹாரி லைமின் சவ அடக்கத்தோடு தொடங்குகிறது. அவனைத் தேடி வந்த நண்பன், அவனைக் காதலித்த பெண் அன்னா, அவனை வேட்டையாடிய காவல் அதிகாரி, அவனோடு தொழில் செய்தவர்கள் என ஆளாளுக்கு ஒரு ஹாரியைச் சொல்கிறார்கள். நண்பனுக்கு அவன் வேடிக்கையானவன். அதிகாரிக்கு அவன் கலப்படப் பெனிசிலின் விற்றுக் குழந்தைகளைச் சாகடித்தவன். ஒருமணி நேரம் ஒருவனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையாளர், அவனைப் பார்க்காமலேயே தம் மனத்தில் அவனை வரைந்துவிடுகிறார். இந்தப் பூனைக்கு ஹாரியை மட்டும்தான் பிடிக்கும் என்று அன்னா போகிற போக்கில் சொல்கிறாள். சற்று நேரத்தில் அதே பூனை தெருவில் இறங்கிப்போய், இருண்ட வாசலில் நிற்கும் யாரோ ஒருவருடைய காலணியை உரசுகிறது. குடிபோதையில் நண்பன் கத்துவதைக் கேட்டு எரிச்சலடைந்த ஒருத்தி மேல்மாடியில் விளக்கைப் போட, அந்த ஒளி நேராக வாசலில் விழுந்து முகம் தெரிகிறது. வெல்ஸ் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அகப்பட்டுக்கொண்ட சிறுவன் மன்னிப்புக் கேட்காமல் சிரிப்பதுபோல் மெல்லச் சிரிக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்கு உரிமையாளர்கள் பலர். கதையை எழுதிய கிரகாம் கிரீன், பூனையையும் ஒளியையும் காலம் பார்த்து வைத்த இயக்குநர் கரோல் ரீட், வியன்னாவின் இருட்டைப் படம்பிடித்து ஆஸ்கர் பெற்ற ஒளிப்பதிவாளர் ராபர்ட் கிராஸ்கர் ஆகியோர் சேர்ந்து ஒரு வெற்றிடத்தைச் செதுக்கி வைத்திருந்தார்கள். வெல்ஸ் அதில் பொருந்தி நின்றார். ஆனால் பொருந்தி நிற்பதும் சாமானியமில்லை. அறுபது நிமிடங்களாக வளர்ந்த எதிர்பார்ப்பின் முன் நிற்கும் நடிகர், அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று மிரட்டலைக் கூட்டியிருந்தால் அங்கேயே எல்லாம் சரிந்திருக்கும். வெல்ஸ் எதிர்பார்ப்புக்கு எதிர்த்திசையில் போய் இனிமையாக இருந்தார். ராட்டினத்தின் உச்சியிலிருந்து கீழே புள்ளிகளாகத் தெரியும் மனிதர்களைக் காட்டி, அவற்றில் சில புள்ளிகள் நின்றுபோனால் உனக்கு உண்மையிலேயே வருத்தமா என்று கேட்கும்போதும் பழைய பள்ளித் தோழனின் குரல்தான். அந்தக் காட்சியின் இறுதியில் வரும் சுவிட்சர்லாந்துக் கடிகார வசனம் வெல்ஸே எழுதிச் சேர்த்தது என்பது கிரீனும் ஒப்புக்கொண்ட செய்தி.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'தி சைலன்ஸ் ஆஃப் தி லாம்ப்ஸ்' இதே வழியில்தான் சிறையிலிருக்கும் தொடர்கொலையாளி ஹானிபல் லெக்டரை அறிமுகம் செய்தது. ஆந்தனி ஹாப்கின்ஸ் திரையில் இருப்பது ஏறக்குறைய பதினாறு நிமிடங்கள் என்பார்கள். கால் மணி நேரத்தை ஒட்டிய அந்த வேடத்துக்குத் துணை நடிகருக்கான விருதல்ல, முதன்மை நடிகருக்கான ஆஸ்கரே கிடைத்தது. அவர் வருவதற்கு முன் நடப்பதைக் கவனிக்க வேண்டும். சிறை மருத்துவமனை அதிகாரி சில்டன், லெக்டர் ஒரு செவிலியருக்குச் செய்த கொடுமையைச் சொல்லி, அப்போதுகூட அவன் நாடித் துடிப்பு 85ஐத் தாண்டவில்லை என்கிறார். அந்தச் செவிலியரின் புகைப்படத்தை நீட்டுகிறார். நமக்குப் படம் காட்டப்படுவதில்லை, அதைப் பார்க்கும், லெக்டரைச் சந்திக்க வந்த எஃப்.பி.ஐ. பயிற்சியாளராக நடித்த ஜோடி பாஸ்டரின் முகம்தான் சிவந்த வெளிச்சத்தில் காட்டப்படுகிறது. வரிசையாக வரும் அறைகளில் இருப்பவர்கள் பித்துப் பிடித்தவர்களைப் போல நடந்துகொள்கிறார்கள். கடைசி அறையின் நடுவில் ஒருவர் நேராக, அடக்கமாக, விருந்தாளியை வரவேற்பவர்போல் நின்றுகொண்டிருக்கிறார். எப்படி இருக்கும் நிலையில் உங்களைக் காட்டலாம் என்று இயக்குநர் ஜோனதன் டெம்மி கேட்டபோது, நின்றபடி காத்திருக்கிறேன் என்று சொன்னது ஹாப்கின்ஸ்தான். கம்பிகளுக்குப் பதில் கண்ணாடி வைத்ததால் அவருக்கும் நமக்கும் இடையே மறைப்பு எதுவும் இல்லை.

இங்கே பாதிப் புகழ் ஜோடி பாஸ்டருக்குப் போக வேண்டியது. பாஸ்டரிடம் பேசுபவர்கள் பலமுறை கேமராவையே நேராகப் பார்த்துப் பேசுகிறார்கள்; பாஸ்டரின் பார்வை மட்டும் பெரும்பாலும் சற்று விலகியே இருக்கிறது. அதனால் லெக்டர் அளப்பது அவளை மட்டுமல்ல, நம்மையும்தான். ஆனால் அந்த அளத்தல் வலிக்கிறது என்பதை நமக்குச் சொல்வது, அவளுடைய மலிவான காலணியையும் அவள் மறைக்க முயன்ற கிராமத்து உச்சரிப்பையும் அவன் சுட்டிக்காட்டும்போது அவள் முகத்தில் ஓடும் சிறு அதிர்வு. சிறு வேடத்தில் வருபவர் ஒரு காட்சியைத் தன்வசமாக்கினார் என்று நாம் சொல்லும் இடங்களில் பெரும்பாலும், எதிரே நிற்கும் முதன்மை நடிகர் அதை விட்டுக்கொடுத்திருப்பார். கேட்கத் தெரிந்த நாயகர்கள் நடிக்கும் படங்களில்தான் நல்ல சிறு வேடங்கள் பிறக்கின்றன.

'சைனாடவுன்' (1974) படத்தில் இந்த விட்டுக்கொடுத்தல் நாயகனின் முகத்திலேயே பதிந்துவிடுகிறது. இயக்குநர் ரோமன் போலன்ஸ்கியே குள்ளமான ரவுடியாக ஒரு நிமிடம் வந்து, ஜாக் நிக்கல்சனின் மூக்கைக் கத்தியால் கீறிவிட்டுப் போகிறார். ஒரு நட்சத்திரம் அதன்பிறகு படத்தின் பெரும்பகுதியில் மூக்கில் கட்டோடும் தையலோடும்தான் அலைகிறார். அதே படத்தில் ஜான் ஹூஸ்டன் சில காட்சிகளில் மட்டுமே நோவா கிராஸாக வருகிறார். நாயகனின் பெயரை அவர் தவறாகவே உச்சரிக்கிறார். திருத்திய பிறகும் தவறாகவே உச்சரிக்கிறார். ஊரின் தண்ணீரையே வளைத்துப்போட்டவனுக்கு எதிரே நிற்பவனின் பெயர் ஒரு பொருட்டில்லை என்பதைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதியும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. (இந்த ஜான் ஹூஸ்டன் 1941இல் 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தை இயக்கியபோது, தன் தந்தை வால்டர் ஹூஸ்டனை, பொட்டலத்தோடு உள்ளே தடுமாறி வந்து விழுந்து சாகும் கப்பல் தலைவனாக, பெயர்கூடப் போடாமல் நடிக்கவைத்தவர். சிறு வேடத்தின் அருமை அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது.)

எதிர்பார்க்கவைத்து வருபவரிடம் ஒரு சிக்கல் உண்டு. தெரிந்த முகமாக இருந்தால், விடையும் சேர்ந்தே தெரிந்துவிடும். பெயர்பெற்ற நடிகர் ஒருவர் முதல் பாதியில் இரண்டு வசனம் பேசிவிட்டு ஒதுங்கிப்போனால், கொலையாளி அவர்தான் என்று அரங்கில் பாதிப்பேர் அப்போதே முடிவுகட்டிவிடுகிறார்கள். 'செவன்' (1995) படம் இதற்குக் கண்ட வழி, கெவின் ஸ்பேசியின் பெயரைத் தொடக்க எழுத்துகளிலிருந்தே நீக்கிவிடுவது. படத்தின் கடைசிப் பகுதியில், காவலர்கள் தேடியும் பிடிக்க முடியாத கொலையாளி தானாகக் காவல் நிலையத்துக்குள் நடந்துவந்து சரணடையும்போது, அந்த முகம் அதில் இருக்கிறது என்பதே பார்வையாளருக்குப் புதிய செய்தி. 'விக்ரம்' (2022) நேர்மாறான வழியில் போனது. இறுதியில் வரும் ரோலெக்ஸ் சூர்யா என்று தெரிந்து ஆரவாரம் எழுவதையே படம் விரும்புகிறது. சில நிமிடங்களில் அவர் காட்டும் மூர்க்கம், அதுவரை நாயகனாகவே பழகிய முகத்துக்கு எதிராக நிற்பதால் கூர்மை பெறுகிறது. ஆயினும் அதில் ஒரு பங்கு அந்தப் படத்துக்கு வெளியே, நடிகர் பல ஆண்டுகளாகச் சேர்த்த பிம்பத்திலிருந்து வருகிறது. அந்தப் பிம்பம் தெரியாத ஒருவர் பார்த்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது கேட்கத் தக்க கேள்வி.

அதே 'விக்ரம்' படத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லாத வேடம் ஒன்று இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணாக அங்குமிங்கும் நடமாடும் வசந்தியை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்ப்பதில்லை. கொலைகாரர்கள் வீட்டுக்குள் புகும்போதுதான் அவர் ஏஜென்ட் டீனா என்று தெரிகிறது. குழந்தையைக் காக்க அவர் போடும் சண்டை படத்தின் பெரிய சண்டைகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. வசந்தி நெடுங்காலம் நடனத் துறையில் இருந்தவர். அந்தச் சண்டையில் உடல் திரும்பும் வேகத்தில் அந்தப் பயிற்சி தெரிகிறது. முதல் பாதியில் அவர் எதையும் குறிப்பால் உணர்த்தவில்லை என்பதே இங்கே நடிப்பு. ஓரக்கண் பார்வை, அர்த்தமுள்ள இடைநிறுத்தம் ஏதேனும் ஒன்று இருந்திருந்தாலும் வேடம் அங்கேயே முடிந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் இரண்டாம் வகை தொடங்குகிறது. அதன் முதல் விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம்: தான் இருப்பது த்ரில்லர் படத்தில் என்பது அந்தப் பாத்திரத்துக்குத் தெரியவே கூடாது.

ஹிட்ச்காக்கின் 'தி லேடி வானிஷஸ்' (1938) இதற்குப் பழைய, இன்றும் மங்காத சான்று. ஓடும் ரயிலில் ஒரு மூதாட்டி காணாமல் போகிறார். அப்படி ஒருவர் ரயிலில் இருந்ததே இல்லை என்று எல்லோரும் சாதிக்கிறார்கள். சாட்சி சொல்லக்கூடிய இருவர் உண்டு: பேசில் ராட்ஃபோர்டும் நான்டன் வேய்னும் நடித்த சார்ட்டர்ஸ், கால்டிகாட் என்னும் ஆங்கிலேயர்கள். அவர்களுடைய ஒரே கவலை மான்செஸ்டரில் நடக்கும் டெஸ்ட் கிரிக்கெட் போட்டி. உணவுப் பெட்டியில் சர்க்கரைக் கட்டிகளை மேசைமேல் பரப்பி ஆட்டத்தின் நுணுக்கத்தை விளக்கிக்கொண்டிருக்கும்போது, அந்த மூதாட்டியே சர்க்கரை கேட்கிறார். வேண்டா வெறுப்பாக ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள். பிறகு நாயகி வந்து கேட்கும்போது, உண்மையைச் சொன்னால் ரயில் நின்றுவிடும், ஆட்டம் போய்விடும் என்று மழுப்புகிறார்கள். வேறு சிலர் சதியால் பொய் சொல்ல, இவர்கள் கிரிக்கெட்டுக்காகப் பொய் சொல்கிறார்கள். சதியை விட அற்பம் நாயகியை அதிகம் தனிமைப்படுத்துகிறது. இரு நடிகர்களும் இதை நகைச்சுவைப் பகுதியாகப் பிரித்து நடிக்காமல், உலகிலேயே முக்கியமான விஷயம் அந்த ஆட்டம்தான் என்ற தீவிரத்தோடு நடித்ததால் அது கதைக்குள்ளேயே நின்றது. அந்த இரட்டையர் அவ்வளவு விரும்பப்பட்டு, 1940இல் கரோல் ரீட் இயக்கிய 'நைட் ட்ரெயின் டு மியூனிக்' படத்துக்கும் அதே பெயர்களோடு இடம்பெயர்ந்தார்கள்.

'தி பிக் ஸ்லீப்' (1946) படத்தில் இப்படி இருவர் உண்டு. புத்தகக் கடைக்காரப் பெண்ணாக டோரத்தி மலோன் வருவது ஒரே காட்சி. துப்பறிவாளர் மார்லோவுக்குத் தேவை எதிர்க்கடைக்காரனின் அடையாளம் மட்டும். மழை பெய்கிறது, அவள் கடைக் கதவை அடைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறாள். சில நிமிடங்களில் அவளுக்கென ஒரு சலிப்பான பகல்பொழுதும் கொஞ்சம் குறும்பும் இருப்பது தெரிந்துவிடுகிறது. அவள் மீண்டும் வருவதில்லை. கதைக்கு வேண்டியது தகவல்தான் என்றாலும், அதைக் கொடுப்பவளுக்கு அன்றைய மாலையைக் கழிக்க வேறு நோக்கம் இருக்கிறது. மற்றொருவர் எலிஷா குக். அவர் நடித்த ஹாரி ஜோன்ஸ், தான் விரும்பும் பெண்ணின் முகவரியைச் சொல் என்று கொலைகாரன் மிரட்ட, பயந்து நடுங்கியபடி ஒரு முகவரியைச் சொல்லி, அவன் ஊற்றிக்கொடுத்ததைக் குடித்துச் சாகிறான். பக்கத்து அறையில் மறைந்திருந்து கேட்கும் மார்லோவுக்குப் பிறகுதான் தெரிகிறது, அந்த முகவரி பொய். நடுக்கம் உண்மை, முகவரி மட்டும் பொய். இந்த இரண்டையும் ஒரே உடலில் வைத்திருந்த குக், நாயகனால் காப்பாற்ற முடியாமல்போன ஒருவனுக்கு நாயகனை விட அதிக மானத்தைக் கொடுத்துவிடுகிறார்.

என் பார்வையில் இந்த வகையின் உச்சம் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்டு மென்' (2007) படத்தின் பெட்ரோல் நிலையக் காட்சி. நடித்தவர் ஜீன் ஜோன்ஸ். பெரும்பாலோர் அதற்குமுன் பார்த்திராத முகம். எதிரே நிற்பவர், அந்தப் படத்தில் கொலைகாரனாக நடித்ததற்காகவே துணை நடிகருக்கான ஆஸ்கர் பெற்ற ஜேவியர் பார்டெம். முதியவர் வழக்கமான வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல, உங்கள் பக்கம் மழை உண்டா என்று கேட்கிறார். எந்தப் பக்கம் என்று எதிர்க்கேள்வி வருகிறது. வண்டியின் பதிவுப் பலகையைப் பார்த்துச் சொன்னேன் என்கிறார். நான் எங்கிருந்து வந்தால் உனக்கென்ன என்கிறான் வந்தவன். இந்த இடத்திலிருந்து முதியவருக்கு ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. ஆனால் எது என்று தெரியவில்லை. கடை அடைக்கும் நேரமாகிவிட்டது என்று பொய் சொல்லிப் பார்க்கிறார். எத்தனை மணிக்குத் தூங்குவாய் என்ற கேள்விக்கு ஒன்பதரைக்கு என்று பதிலும் சொல்லிவிடுகிறார்; கேட்டால் சொல்வதுதானே மரியாதை!

ஜோன்ஸ் செய்ததை உற்றுப் பார்த்தால், அவர் ஒருமுறைகூட அலறும் முகத்தைக் காட்டுவதில்லை. மரியாதை தவறாமல் இந்தப் பேச்சிலிருந்து வெளியேறும் வழியைத் தேடுகிறார். ஒவ்வொரு பதிலுக்கும் முன் கண்கள் சற்று அலைகின்றன. சிரிக்கலாமா என்று உதடு யோசித்துவிட்டு அடங்குகிறது. முந்திரிப் பருப்புத் தின்ற உறையை வந்தவன் கசக்கி மேசைமேல் வைக்க, அது மெல்ல விரிந்து சரசரக்கிறது. படம் ஏறக்குறைய முழுவதுமே பின்னணி இசையின்றி நகர்வதால், அந்தச் சரசரப்பே போதுமானதாக இருக்கிறது. இந்தக் கடை முதலில் மாமனாருடையது என்று முதியவர் சொன்னதும், அப்படியானால் திருமணத்தின் வழியாக வந்தது என்று கொலைகாரன் ஏளனமாகச் சொல்கிறான். ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையும் அந்த மேசைமேல் வைக்கப்பட்டு மதிப்பிடப்படுகிறது. பிறகு 1958ஆம் ஆண்டு நாணயம் ஒன்று சுண்டப்படுகிறது. எதைப் பணயம் வைக்கிறேன் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று கேட்கும் முதியவர், ஒரு கணத்தில் பணயம் எது என்று புரிந்துகொள்கிறார். அது எந்தக் கணம் என்று பார்வையாளர்கள் ஆளுக்கொரு இடத்தைச் சுட்டுவார்கள். ஜோன்ஸ் அதை அடிக்கோடிட்டுக் காட்டவில்லை.

கொலைகாரன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதை அதற்குமுன் படம் இரத்தத்தோடு காட்டிவிட்டது. ஆனால் அவனை நாம் அஞ்சத் தொடங்குவது யாரும் சாகாத இந்தக் காட்சியில்தான். சிறு வேடம் செய்யக்கூடிய பெரிய வேலை இது: முதன்மைப் பாத்திரத்தின் கனத்தை அளந்து காட்டுவது. அதே படத்தில் கேத்தி லாம்கின் நடித்த வாடகைக் குடியிருப்பு மேலாளர் எதிர்த்திசையில் அதே வேலையைச் செய்கிறார். குடியிருப்பவர் எங்கே வேலை செய்கிறார் என்று அவன் மறுபடி மறுபடி கேட்க, தகவல் தர முடியாது என்று விதியை மறுபடி மறுபடி சொல்கிறார். எதிரே நிற்பவன் யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. உள்ளே கழிவறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது, அவன் போய்விடுகிறான். படத்தில் அவனைத் தோற்கடித்த மிகச் சிலரில் அவர் ஒருவர்.

'ஸோடியாக்' (2007) படத்தின் நிலவறைக் காட்சி வேறு ரகம். சார்லஸ் ஃப்ளைஷர் நடித்த பாப் வான் என்ற முதிய திரையரங்க ஊழியரிடம், ஒரு சுவரொட்டியின் கையெழுத்தைப் பற்றி விசாரிக்க நாயகன் வருகிறான். அந்தச் சுவரொட்டிகளை எழுதியது நானே என்கிறார் அவர், சாதாரணமாக. பழைய பதிவேடு கீழே நிலவறையில் இருக்கிறது என்று அழைக்கிறார்; கலிபோர்னியாவில் நிலவறை உள்ள வீடுகள் அரிது என்று நாயகன் முணுமுணுக்க, என் வீட்டில் உண்டு என்று பதில் வருகிறது. பிறகு மேல்தளத்தில் காலடிச் சத்தம். இறுதியில் எதுவும் நடப்பதில்லை. அவரே சாவியால் கதவைத் திறந்துவிடுகிறார். ஃப்ளைஷரின் குரலில் மிரட்டல் என்று சுட்டக்கூடிய ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் தனியே எடுத்துப் பார்த்தால் உதவி செய்ய விரும்பும் ஒரு கிழவரின் பேச்சுதான். அச்சம் முழுவதும் நாயகனின் தலைக்குள்ளும் நம் தலைக்குள்ளும் இருக்கிறது. நடிகர் அதற்கு இடம் விட்டு நகர்ந்து நிற்கிறார். அதே படத்தில் முக்கியச் சந்தேக நபராக வரும் ஜான் கரோல் லின்ச்சும், தொழிற்சாலையில் மூன்று அதிகாரிகள் விசாரிக்கும்போது, குற்றமற்றவன் பேசும் விதத்தில்தான் பேசுகிறார். சந்தேகம் குறைவதற்குப் பதில் கூடுகிறது.

தமிழில் சந்தேக நபர் வேடத்துக்கு மறக்க முடியாத சான்று 'ராட்சசன்' (2018). ஆசிரியர் இன்பராஜாக வினோத் சாகர் வரும் பகுதி படத்தின் மையக் கொலைகளோடு தொடர்பில்லாதது. ஆனால் அவர் வகுப்பறையில் மாணவிகளிடம் பேசும் அடங்கிய, நிதானமான குரல் பார்வையாளருக்கு ஏற்படுத்தும் அருவருப்பு அவ்வளவு வலுவானது என்பதால், தேடிய கொலையாளி கிடைத்துவிட்டான் என்று மனம் முடிவுசெய்துவிடுகிறது. கதையைத் திசைதிருப்பும் வேடங்கள் வழக்கமாகப் பிற்பாடு மறந்துபோகும். இது மறக்காததற்குக் காரணம், இன்பராஜ் திசைதிருப்ப மட்டும் வைக்கப்பட்ட பொம்மை அல்லன். தேடிய குற்றத்தை அவன் செய்யவில்லை, ஆனால் அவன் செய்த குற்றம் வேறு, அதுவும் கொடியது. திறமையான திரைக்கதை இது போன்ற வேடத்துக்குத் தனக்கென ஒரு பாவத்தை ஒதுக்கித் தருகிறது.

நடிகர் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும், கேமராவும் வெட்டும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடலாம். 'சைக்கோ' (1960) படத்தில் மார்ட்டின் பால்சம் நடித்த தனியார் துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட், விடுதி உரிமையாளன் நார்மனை விசாரிக்கும் காட்சி சிறு வேட நடிப்புக்குப் பாடம்: அலட்டிக்கொள்ளாத கேள்விகள், இனிப்பை மென்றுகொண்டே தடுமாறும் ஆந்தனி பெர்கின்ஸ், ஒருவர் பேச்சின்மேல் மற்றவர் பேச்சு ஏறுவது. பிறகு ஆர்போகாஸ்ட் மாடிப்படி ஏறுகிறார். ஹிட்ச்காக் உடல்நலமின்றி இருந்தபோது, கைப்பிடியில் நகரும் கை, படியேறும் கால்கள் என்று துண்டு துண்டாக அது எடுக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்த ஹிட்ச்காக், இது அப்பாவி ஒருவன் படியேறுவதுபோல் இல்லை, ஏதோ தீங்கு செய்யப்போகிறவன் ஏறுவதுபோல் இருக்கிறது என்று ஒதுக்கிவிட்டு, ஒரே ஷாட்டில் சாதாரணமாக ஏறவைத்தார். பாத்திரத்துக்குத் தெரியாததைக் கேமராவும் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

விருதுகள் இந்த நுட்பத்தை ஓரளவுக்கே கண்டுகொண்டிருக்கின்றன. துணை நடிகர்களுக்கான ஆஸ்கர் 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தரப்படுகிறது; இத்தனை நிமிடம் வந்தால் துணை வேடம் என்ற நேர வரம்பு அதில் இல்லை, வாக்களிப்பவர்களே முடிவுசெய்கிறார்கள். த்ரில்லர் அல்லாத 'நெட்வொர்க்' (1976) படத்தில் ஐந்து நிமிடத்தைச் சற்றே தாண்டி வந்த பியாட்ரிஸ் ஸ்ட்ரெய்ட் அதைப் பெற்றார். ஆனால் பெட்ரோல் நிலைய முதியவரைப் போன்ற வேடங்கள் பட்டியலின் அருகில்கூட வருவதில்லை. அத்தகைய முகங்களைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் நடிகர் தேர்வாளர்கள்; அவர்களுக்கென ஆஸ்கரில் தனிப் பிரிவு வந்ததே 2025ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான்.

இத்தகைய காட்சிகள் படத்தொகுப்பில் முதலில் கத்தரிக்கப்படும் ஆபத்தில் இருப்பவை. 'ஃபார்கோ' (1996) படத்தில் ஸ்டீவ் பார்க் நடித்த மைக் யனகீட்டாவின் காட்சியை எடுத்துவிட்டால் கொலை வழக்கில் ஒரு துப்பும் குறையாது. காவல் அதிகாரி மார்ஜ், பழைய பள்ளித் தோழன் அழைத்தான் என்று உணவகத்தில் சந்திக்கிறார். அவன் பக்கத்தில் வந்து நெருக்கமாக உட்காரப் பார்க்கிறான், எதிரே போய் உட்காரச் சொல்கிறார். மனைவி இறந்துவிட்டாள் என்று சொல்லிச் சிரிப்பும் அழுகையுமாக உடைந்துபோகிறான். பார்க் அந்த அழுகையைப் பரிதாபமாகவும் சங்கடமாகவும் ஒரே நேரத்தில் ஆக்குகிறார். நாம் எழுந்துபோய்விடலாமா என்று நெளிகிறோம். பிறகு தொலைபேசியில் ஒரு தோழி சொல்லித்தான் தெரிகிறது: மனைவி என்று அவன் சொன்ன பெண்ணை அவன் மணக்கவே இல்லை, அவள் உயிரோடுதான் இருக்கிறாள். இதைக் கேட்ட பிறகே மார்ஜ், முன்பு மரியாதையாகப் பேசி அனுப்பிய கார் விற்பனை மேலாளரை மறுபடி பார்க்கப் போகிறார். கண்முன் உருகிப் பேசுபவனும் பொய் சொல்வான் என்று உணர்ந்ததால்தான் போனார் என்பது பலரின் விளக்கம்; படம் அப்படி எங்கும் சொல்லவில்லை. நான் அந்த விளக்கத்தை ஏற்கிறேன், ஆனால் காட்சி நிலைத்து நிற்பதற்கு அது காரணமில்லை என்றும் நினைக்கிறேன். அந்த மேசையில் யனகீட்டாவுக்குத் தேவைப்பட்டது மார்ஜின் பரிவு மட்டும். இந்த ஊரில் யார் யாரைக் கொன்றார்கள் என்பதைப் பற்றி அவனுக்கு ஒரு கவலையும் இல்லை, நடிகரும் அதை ஒரு நொடிகூட நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.